ஊழியம் முடிய இன்னும் 12 வாரம்: வெளிநாட்டில் இருக்கும் இளம் மிஷனரிக்கு ஒரு வழிகாட்டி

யார் எந்த ஊருக்கு, யாரோடு என்று மாற்றும் டிரான்ஸ்பர் பட்டியல் வந்ததும் மனசு தானாகக் கணக்குப் போடும். ஆறு வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், அப்படியென்றால் இன்னும் இரண்டுதான் பாக்கி, அப்புறம் வீடு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம் என்பது சேரும்போது மலை மாதிரித் தெரிந்தது. இப்போது கடைசி 12 வாரம் கண் முன்னால் நிற்கிறது, என்ன செய்வது என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. ஏனென்றால் உங்கள் கம்பேனியன், அதாவது கூடவே தங்கி ஊழியம் செய்யும் துணை மிஷனரி, போன மாதம்தான் வந்தவராக இருப்பார்.

நான் இதைத் தாண்டி வந்தவன். கடைசி வாரங்களில் சிலவற்றைச் சரியாகச் செய்தேன், சிலவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு வந்து வருடக்கணக்கில் வருத்தப்பட்டேன். என் அனுபவத்தில் இந்த 12 வாரத்தின் முக்கிய வேலை ஒன்றுதான்: நீங்கள் கற்பித்தவர்களை, கூட நடந்தவர்களை, இன்னொருவர் கையில் பத்திரமாகப் பிடித்துக் கொடுப்பது. பெட்டி கட்டுவது, டிக்கெட், படிப்பு எல்லாம் வேண்டியதுதான், அவற்றையும் கீழே வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் மற்றதெல்லாம் தாமதமானாலும் பிறகு செய்துகொள்ளலாம், இதை மட்டும் விமானம் ஏறிய பிறகு செய்ய முடியாது.

முதலில் 'ட்ரங்கி' என்ற சொல்லைப் பற்றி

மிஷனரிகள் நடுவில் இந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். ஊழியம் முடியும் முன்பே மனசுக்குள் ட்ரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டவர் ட்ரங்கி. யாராவது உங்களைப் பார்த்து அப்படிச் சொன்னால் சுருக்கென்று இருக்கும். வீட்டு ஞாபகம் வருவது பாவம் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. இரண்டு வருடம் அம்மாவைப் பார்க்காதவருக்கு அம்மா ஞாபகம் வரத்தான் செய்யும். அந்த ஞாபகத்தை நாள் முழுக்க ஓடவிடுவதுதான் சிக்கல், ஏனென்றால் எதிரே உட்கார்ந்து தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

நான் செய்தது இது. வீடு, படிப்பு, வேலை பற்றிய யோசனைகளை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தேன், வாரத்தில் ஒரு நாள் வரும் ஆயத்த நாளில் மட்டும் ஒரு மணி நேரம் அதைத் திறந்தேன். மற்ற நாளில் ஏதாவது தோன்றினால் நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். மனசுக்கு 'இதைக் கவனிக்க ஒரு நேரம் இருக்கிறது' என்று தெரிந்தாலே பாதி அமைதி வந்துவிடுகிறது.

12 முதல் 9 வாரம் வரை: காகித வேலைகள்

பயண ஏற்பாட்டை மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் சில விஷயங்களை நீங்களே உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் பயணத் தேதியிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கும், வழியில் விமானம் மாறும் நாட்டில்கூட இந்தக் கேள்வி வரலாம். விசா அல்லது தங்கும் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும், அது உங்கள் ஊழியம் முடியும் ரிலீஸ் தேதிக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் பாருங்கள். வெளியேறவே அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் உண்டு: பிலிப்பைன்ஸில் 6 மாதமோ அதற்கு மேலோ தற்காலிக விசாவில் தங்கிய வெளிநாட்டவர் கிளம்புமுன் குடிவரவுத் துறையிடம் ஒரு சான்று வாங்கியாக வேண்டும். இந்த மாதிரி விஷயங்களை விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் அலுவலகத்தில் இருப்பவரிடம் இப்போதே வாய்விட்டுக் கேளுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று குழப்பம் உள்ளவர்கள் இதை இரண்டு தடவை பாருங்கள்.

உடம்பு. பல்வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்கள் நிறையப் பேர். இப்போது, உங்கள் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரின் மனைவியிடமோ, உடல்நலம் கவனிப்பவரிடமோ சொல்லிவிடுங்கள். போட்டுக்கொண்ட தடுப்பூசி விவரம், எடுத்த மருந்துகளின் பெயர், ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் அறிக்கை, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள பகுதியில் இருந்திருந்தால் விமானம் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்: டாக்சிசைக்கிளின் அல்லது மெஃப்ளோகுயின் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 4 வாரம் தொடர வேண்டும், அட்டோவாகோன்-ப்ரோகுவானில் என்றால் 7 நாள். சில வகை மலேரியா மாதக்கணக்கில் ஈரலில் பதுங்கியிருந்து பிறகு வெளிப்படும். அதனால் திரும்பிய ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'நான் இந்த நாட்டில் இருந்து வந்தேன்' என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். காசநோய் அதிகமுள்ள இடத்தில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருந்தவர்கள், திரும்பி 8 முதல் 10 வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது, அதற்கு முன்னால் செய்தால் தொற்று இருந்தும் தெரியாமல் போகலாம்.

படிப்பு, வேலை. கல்லூரியில் இடத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தால் அது எந்தத் தேதி வரை என்று வீட்டாரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து மிஷனரிகள் வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம் என்று ஆனதால் இந்த வேலைகள் எவ்வளவோ சுலபமாகிவிட்டன, அதற்கு முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு அழைப்புதான். பணம் இல்லாததால் படிப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பற்றி விசாரியுங்கள். ஒன்று, 2001இல், அப்போது சபைத் தலைவராக இருந்த கார்டன் பி. ஹிங்க்லி அறிவித்த நிரந்தரக் கல்வி நிதி, இது படிப்புக்குக் கடன் தரும் ஏற்பாடு, திருப்பிக் கட்ட வேண்டும். இன்னொன்று, 2009இல் தொடங்கிய பாத்வே, இதில் இணைய வழியில் சான்றிதழில் ஆரம்பித்துப் பட்டம் வரை போகலாம், கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஊரில் எது கிடைக்கும் என்பதை உங்கள் ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) தலைவரிடம் கேளுங்கள். ஊழியம் முடிப்பவர்களுக்கு என்றே சபை கொடுக்கும் 'என் திட்டம்' என்ற இணையப் பாடத்தையும் மேலோட்டமாக நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், அதில் எழுதியதை நான் வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரத்தில்தான் உண்மையில் பயன்படுத்தினேன், ஏனென்றால் அந்த வாரத்தில் எனக்கு எதையும் யோசிக்கவே முடியவில்லை.

8 முதல் 3 வாரம் வரை: ஆட்களைக் கையளிப்பது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

ஒரு தாளில் நீங்கள் இப்போது சந்திக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள், சபைக்கு வராமல் நின்றுபோன குடும்பங்கள், கதவைத் திறந்து தண்ணீர் மட்டும் கொடுக்கும் அந்தப் பெரியவர், எல்லோரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்வி: நான் இல்லாவிட்டால் இவரை யார் போய்ப் பார்ப்பார்கள்? நான் இதைச் செய்தபோது பாதிப் பெயர்களுக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த சபை என்பது நானும் என் கம்பேனியனும்தான். அவர்கள் என்மேல் வைத்த பாசத்தை நான் நல்ல ஊழியத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தத் தாளைப் பார்த்ததும் பயம் வந்தது.

ஹிங்க்லி 1997 ஏப்ரல் மாநாட்டில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் மூன்று வேண்டும் என்றார்: ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, தேவனுடைய நல்ல வார்த்தையால் கிடைக்கும் போஷிப்பு. நம் சபையின் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தில் மரோனி 6ஆம் அதிகாரமும் அதையே சொல்கிறது, பெயர்களை எடுத்து வைத்தார்கள், அவர்கள் நினைவுகூரப்படுவதற்காக என்று. உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இந்த மூன்றில் எது இல்லை என்று குறியுங்கள். நண்பர் இல்லாதவருக்கு ஆறு வாரத்துக்குள் வார்டில், அதாவது உள்ளூர்ச் சபையில், ஒரு நண்பரைத் தேடிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

எப்படித் தேடுவது? ஞாயிறன்று கூட்டத்தில் கைகுலுக்க வைப்பது போதாது. வயது, வேலை, பிள்ளைகள், மொழி, வீட்டுத் தூரம், இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துப்போகும் சபையாரைப் பாருங்கள். அவரை உங்களோடு பாடத்துக்குக் கூட்டிப் போங்கள். முதல் தடவை நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டாம் தடவை பாதி அவர் பேசட்டும். மூன்றாம் தடவை நீங்கள் கிட்டத்தட்ட வாயே திறக்காதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அவர் உங்களைப் போல அழகாகச் சொல்ல மாட்டார், நடுவில் வேறு கதைக்குப் போவார், நீங்கள் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த பத்து வருடம் பார்க்கப்போவது அவரைத்தான்.

அடுத்தது ஏரியா புக், அதாவது சந்திக்கும் ஆட்களைப் பற்றி மிஷனரிகள் குறிப்பு எழுதிவைக்கும் செயலி. அதில் உள்ள குறிப்புகளை, நீங்கள் போன இரண்டாவது நாளே வந்து இறங்கிய ஒருவர் படிப்பதாக நினைத்து எழுதுங்கள். 'நல்ல குடும்பம், ஆர்வம் உண்டு' என்பது யாருக்கும் உதவாது. 'அப்பாவுக்கு இரவு வேலை, மாலை 4 மணிக்கு மேல் போனால்தான் விழித்திருப்பார். மகனை இழந்தவர்கள், நித்திய குடும்பம் பற்றிப் பேசும்போது அவசரப்படாதீர்கள். நாய் கட்டிப்போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்' என்பது உதவும். அதே சமயம், யாராவது உங்களை நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை அதில் எழுதக் கூடாது, அதை அவரேதான் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம். 'நான் கண்டிப்பாகத் திரும்பி வருவேன்' என்று சொல்லாதீர்கள். சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்வீர்கள், ஆனால் கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பார். 'வர ஆசைப்படுகிறேன், முடியுமா என்று தெரியாது' என்பதே போதும். அப்புறம் பணம். யாரிடமாவது சின்னக் கடன் வாங்கியிருந்தால் அடைத்துவிடுங்கள், படிப்புக்கு உதவுகிறேன், அங்கே போய் அனுப்புகிறேன் என்ற வாக்கு எதுவும் கொடுக்காதீர்கள். உண்மையான தேவை இருக்கும் குடும்பம் என்றால் வார்டை நடத்தும் பிஷப்புக்கும், பெண்கள் அமைப்பான நிவாரணச் சங்கத்தின் தலைவிக்கும் அறிமுகம் செய்துவையுங்கள்.

மனஸ்தாபங்கள்

டேவிட் பொல்லாக் என்பவர் மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகள் நாடு மாறும்போது படும் பாட்டைப் பல வருடம் பார்த்து, கிளம்புகிறவர்களுக்கு நான்கு வேலைகள் சொன்னார். அவற்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ராஃப்ட்' என்று வரும், அதாவது தெப்பம். தெப்பத்தின் நான்கு கட்டைகள்: ஒப்புரவாவது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி யோசிப்பது. இந்த வரிசையில் முதலில் ஒப்புரவு இருப்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

எனக்கு ஒரு கம்பேனியன் இருந்தார். ஆறு வாரம் ஒரே அறையில் இருந்தோம், கடைசி மூன்று வாரம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ஒரு பாடத்தின் நடுவில் நான் அவர் பேச்சைத் திருத்தினேன், அந்த வீட்டார் முன்னால். அவர் மொழி கற்றுக்கொள்ளக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஊழியத்தின் கடைசி மாதத்தில் அவர் அடுத்த மாவட்டத்தில்தான் இருந்தார், ஒரு போன் போட்டிருக்கலாம். 'எப்படியும் வீட்டுக்குப் போகப்போகிறோம், எல்லாம் மறந்துபோகும்' என்று விட்டுவிட்டேன். மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்து எழுதினேன், அவர் பதில் எழுதினார், அன்பாகத்தான் எழுதினார், ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பாடங்களில் வாய் திறக்கவே அவருக்குப் பல மாதம் ஆனது என்று அதில் இருந்தது. அந்த மாதங்களை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதனால் கடைசி ஆறு வாரத்துக்குள் போன் போடுங்கள், நேரில் பார்க்க முடிந்தால் பாருங்கள். 'நான் இதைச் செய்தேன், அது தப்பு, மன்னியுங்கள்' என்பது போதும். 'நீங்களும்தான்' என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு ஆகாது. சபையாரோடு மனஸ்தாபம் இருந்தாலும் இதே வழிதான்.

நன்றி சொல்லும்போது பொதுவாகச் சொல்லாமல் எதற்காக என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் உங்கள் உளறல் மொழியைச் சிரிக்காமல் கேட்டவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி மாதிரி ஏதோ செய்து அனுப்பியவர், உங்களுக்கு டிரெய்னராக இருந்தவர். கையால் எழுதிய நாலு வரி போதும். அவர்கள் மொழியில் எழுதுங்கள், பிழை இருந்தாலும் பரவாயில்லை.

கடைசி இரண்டு வாரம்: விடைபெறுவது, பெட்டி கட்டுவது

நீங்கள் கிளம்புவதை முக்கியமான ஆட்களிடம் நேரில் சொல்லுங்கள். ஞாயிறு மேடையில் நின்று அறிவித்துவிட்டுப் போனால், முன்கூட்டியே தெரியாத ஒரு சிறுவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குழந்தைகளிடம் தனியாகச் சொல்லுங்கள், எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டுக் காட்டுங்கள். கிளம்புகிற வருத்தத்தில் கடைசி வாரம் சிலரைப் பார்க்காமல் தவிர்க்கத் தோன்றும், நான் ஒரு வீட்டை அப்படித் தவிர்த்தேன், நீங்கள் செய்யாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும். மிலேத்துவில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெற்றபோது எல்லோரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது. அழுததோடு நிற்காமல் கப்பல் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினார்கள்.

புகைப்படம் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். சபைக்கு வருவதை வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் முகத்தை இணையத்தில் போட்டு அவர்களுக்குத் தொல்லை வரவைக்கக் கூடாது.

பெட்டி விஷயம் சுருக்கமாக. விமான நிறுவனத்தின் எடை அளவைப் பார்த்து, மூன்று நாள் முன்னாலேயே எடை போடுங்கள். குடை, சைக்கிள், மழைக்கோட்டு, பாத்திரம் எல்லாம் அடுத்து வருபவருக்கு. மீதித் துணிகளை ஒரே குடும்பத்துக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு வருத்தம் வரும், வார்டு தலைவர்களிடம் கேட்டுக் கொடுங்கள். நாட்குறிப்பு, பாஸ்போர்ட், மருந்து, உங்கள் ஊர் முகவரி, போன் எண்கள் எழுதிய ஒரு காகிதம், இவை கைப்பையில் இருக்க வேண்டும். நாட்குறிப்பைப் பெரிய பெட்டியில் போட்டு அந்தப் பெட்டி தொலைந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். புகைப்படங்களை இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள், மிஷன் போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது. செயலியில் இருக்கும் ஆட்களின் விவரம் உங்களுடையது இல்லை. யாரோடு தொடர்பில் இருக்க ஆசையோ அவரிடமே கேட்டு, அவர் விருப்பத்தோடு எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். விதை, செடி, மரச்சாமான், உணவுப் பொருள் எடுத்துப் போவதற்கு உங்கள் நாட்டின் சுங்க விதி என்ன என்று பாருங்கள். யாராவது 'இதை என் உறவினரிடம் சேர்த்துவிடுங்கள்' என்று ஒட்டி மூடிய பொட்டலம் கொடுத்தால், எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாடகை வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்காரர் அடுத்த மிஷனரியிடம் நடந்துகொள்ளும் விதத்தில் அது தெரியும்.

கடைசி நாட்கள்: மிஷன் தலைவரோடு பேச்சு, பயணம்

மிஷன் தலைவர் உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். அழகான சாட்சி சொல்ல வேண்டும் என்ற பதற்றத்தோடு போகாதீர்கள். அவரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். நான் கேட்டதில் ஒன்று, 'என்னிடம் நீங்கள் பார்த்த, நான் பார்க்காத குறை என்ன?' அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், அது வலித்தது, இன்றுவரை உதவுகிறது. மனசில் பாரமாக ஏதாவது இருந்தால், ஒரு தவறு, ஒரு சந்தேகம், உறக்கமின்மை, எதுவானாலும், இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு வருடம் உங்களை அறிந்தவரிடம் சொல்வது வீட்டுக்கு வந்து புதியவரிடம் ஆரம்பிப்பதைவிட எளிது.

விமானத்தில் ஏறினாலும் நீங்கள் இன்னும் மிஷனரிதான். ஊரில் ஸ்டேக் தலைவர் உங்களைச் சந்தித்து ஊழியத்திலிருந்து விடுவிக்கும்வரை பெயர் அட்டை சட்டையில் இருக்கும், விதிகளும் இருக்கும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு எங்கெங்கோ நிற்க ஆசையாக இருக்கும், முதலில் அந்தச் சந்திப்பை முடித்துவிடுங்கள். அட்டையைக் கழற்றும் அந்த நிமிடத்துக்கு அம்மா அப்பாவைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரவு தனி அறை. இரண்டு வருடம் கம்பேனியன் இல்லாமல் தெருவுக்குக்கூடப் போகாதவர் நீங்கள், இப்போது அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் இல்லை. தெருவில் நடக்கும்போது கம்பேனியன் எங்கே என்று திரும்பிப் பார்ப்பீர்கள். இது எல்லோருக்கும் நடப்பது.

வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கே ஒரு அதிர்ச்சி இருக்கும் என்று தெரியும். திரும்பி வரும்போதும் அதே மாதிரி ஒன்று உண்டு. ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற தம்பதியர் 1963இலேயே இதைப் பற்றி எழுதினார்கள்: போன இடத்தில் மனசு ஒருமுறை இறங்கி ஏறும், திரும்பிய பிறகு இன்னொரு முறை இறங்கி ஏறும், கோடு போட்டால் ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி இருக்கும் என்று. இரண்டாவது இறக்கம்தான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் 'வீட்டுக்குத்தானே வந்திருக்கிறோம், எனக்கு என்ன குறை' என்று தோன்றும். தம்பி உங்களைவிட உயரமாகியிருப்பான், நண்பர்களுக்கு வேறு நண்பர்கள் வந்திருப்பார்கள், உங்கள் கட்டிலில் வேறு யாரோ தூங்கிப் பழகியிருப்பார்கள். காலையில் எழுந்தால் இன்று யாருக்கு என் தேவை என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஊழியத்தில் அந்தக் கேள்விக்குத் தினமும் பத்துப் பதில் இருந்தது.

நான் சொல்லக்கூடியது: எழும் நேரத்தையும் வேதவாசிப்பையும் விடாதீர்கள், மற்றதில் கொஞ்சம் தளர்வாக இருங்கள். முதல் வாரத்திலேயே பிஷப்பிடம் போய் ஏதாவது பொறுப்பு கேளுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. நீங்கள் புது விசுவாசிகளுக்குத் தேடிய அந்த மூன்றும், நண்பர், பொறுப்பு, போஷிப்பு, இப்போது உங்களுக்கே வேண்டும். மாதக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள், படிப்போ வேலையோ முதல் சில வாரத்துக்குள் எதையாவது தொடங்குங்கள். கற்ற மொழி மூன்றே மாதத்தில் துருப்பிடிக்கும், தனி ஜெபத்தை அந்த மொழியில் செய்து பாருங்கள், எனக்கு அது நின்றது.

திருவிருந்துக் கூட்டத்தில் உங்களைப் பேசச் சொல்வார்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக் கொண்டு செய்தவைகளைச் சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் 14இல் வருகிறது. அதற்கு அடுத்த வசனத்தைப் பலர் கவனிப்பதில்லை: அங்கே சீஷரோடு அநேக நாள் தங்கியிருந்தார்கள். கேட்பவர்களுக்கு ஏற்ப உங்கள் கதையை மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எப்படி இருந்தது?' என்று நடந்துகொண்டே கேட்பவருக்கு ஒரு நிமிடக் கதை. சாப்பாட்டு மேஜையில் பத்து நிமிடக் கதை. முழுசாகக் கேட்க உட்காரும் ஒரு ஆளுக்கு எல்லாம், தோல்விகளும் சேர்த்து. அந்த ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடியுங்கள், ஏற்கெனவே ஊழியம் முடித்துத் திரும்பியவராக இருந்தால் நல்லது.

தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். ஜெபத்தோடு மருந்தும் எடுக்கலாம்.

உடல்நலத்தாலோ வேறு காரணத்தாலோ 24 மாதம் முடியாமல் திரும்பியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும்தான். விடைபெற உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது. கடிதங்களை இப்போது எழுதுங்கள், நன்றியையும் மன்னிப்பையும் இப்போது அனுப்புங்கள். சபையில் உங்களிடம் 'ஏன் சீக்கிரம் வந்தீர்கள்' என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

கடைசியாக, விட்டு வந்தவர்களோடு தொடர்பு. முதல் மாதம் வாரம் ஒரு செய்தி அனுப்புங்கள், பிறகு மெதுவாக மாதத்துக்கு ஒன்றாகக் குறையட்டும். அவர்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் தீர்வைச் சொல்லும் முன், 'வார்டில் அவரிடம் சொன்னீர்களா?' என்று கேளுங்கள். நான் கற்பித்த ஒரு அம்மா ஒவ்வொரு வாரமும் நீளமாக எழுதிக்கொண்டிருந்தார், எல்லாம் 'நீ இருந்தால் நன்றாக இருந்திருக்கும்' என்ற வரியில் முடியும். ஐந்தாவது மாதத்தில் ஒரு செய்தி வந்தது, சின்னது. மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இரவு பதினோரு மணிக்கு ஒருவரைக் கூப்பிட்டேன், வந்தார், ஆசீர்வாதம் கொடுத்தார், இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தார். அவர் எழுதிய அந்தப் பெயர் எனக்குத் தெரியவே தெரியாது, நான் அங்கிருந்து கிளம்பிய பிறகு வார்டுக்கு வந்தவர் போல. அவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்டு எழுதினேன், அந்த அம்மா இரண்டு பக்கம் பதில் எழுதினார்.